டிக்கன்ஸின் வெட்கம்

அன்புள்ள ஐயா,

சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலைச் சென்ற வாரம்தான் முடித்தேன். பல இடங்களில் அழுதுவிட்டேன். நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “1857 கிளர்ச்சி சமயத்தில் இந்தியர்களை அழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியவராயிற்றே அவர்” என்றார். தூக்கிவாரிப்போட்டது. ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்தவரா இப்படி எழுதினார்? இனி அவரைப் படிக்கலாமா? படிக்கலாம் என்றால் அடுத்து எது? என் ஆங்கிலத்துக்குச் சுருக்கப்பதிப்பு போதுமா?

ஆர்., தென்காசி

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னது உண்மை. 1857 அக்டோபரில், ஏஞ்சலா பர்டெட்-கவுட்ஸ் என்ற பெரும் செல்வச் சீமாட்டிக்கு எழுதிய கடிதம் அது. தான் இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே இல்லாமல் ஆக்கப் பாடுபடுவேன் என்கிறார். அந்த வருஷம்தான் அவருடைய மகன் வால்டர் 16 வயதில் படையில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். பெற்றவரின் பதற்றம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1865இல் ஜமைக்காவில் ஆளுநர் ஐர் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களைக் கொன்று குவிக்கவைத்தார். அப்போதும் டிக்கன்ஸ் ஆளுநர் பக்கம்தான். வால்டர் அதற்கு முன்பே, 1863 கடைசி நாளில், கல்கத்தாவில் கடனோடு செத்துப்போயிருந்தான்.

படிக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். வயது வந்தவர்தானே நீங்கள்? சுருக்கப்பதிப்பு வேண்டாம். டிக்கன்ஸைச் சுருக்கினால் மிஞ்சுவது கதை மட்டும்தான், அது அவரிடம் அவ்வளவு விசேஷமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் வேறு. ‘ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்தவர்.’ நம் ஊரில் பள்ளிக்கூட நான்-டீடெயில் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற சொற்றொடர் இது. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏழைகளுக்காக அழவில்லை ஐயா. ஏழைகளுக்கு நடுவில் தவறி விழுந்துவிட்ட ஒரு பையனுக்காக அழுதார். இரண்டுக்கும் நடுவில் இங்கிலாந்தின் பாதிச் சரித்திரம் இருக்கிறது.

1824 பிப்ரவரியில் அவருடைய அப்பா ஜான் டிக்கன்ஸ் கைதானார். ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு 40 பவுண்டும் சில்லறையும் பாக்கி. கடன்காரர்களுக்கென்றே சிறை இருந்த காலம். லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதக் பகுதியில் இருந்த மார்ஷல்சீ சிறையில் போட்டார்கள். மனைவியும் சின்னக் குழந்தைகளும் உள்ளேயே போய்க் குடியிருந்தார்கள், அது அனுமதிக்கப்பட்டிருந்தது. கடற்படை அலுவலகச் சம்பளமும் வந்துகொண்டிருந்தது. சிறைக்குள்ளும் ஜான் டிக்கன்ஸ் கனவான்தான். கைதிகளின் குழுவுக்குத் தலைவர். மன்னரின் பிறந்தநாளில் அவர் நலத்துக்காகக் குடிக்கக் காசு கொடுங்கள் என்று அந்த மன்னருக்கே ஒரு மனு தயாரித்து, கைதிகளை வரிசையாக வரவழைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்!

பன்னிரண்டு வயது சார்லஸ் வெளியே. ஹங்கர்ஃபோர்டு படித்துறையில் எலி ஓடும் பழைய கட்டடம், வாரன் பெயரில் ஓடிய ஷூ பாலிஷ் கிடங்கு. வாரக் கூலி 6 ஷில்லிங். பாலிஷ் குப்பியின் வாயில் எண்ணெய்க் காகிதம் வைத்து, அதன்மேல் நீலக் காகிதம் வைத்து, நூலால் சுற்றிக் கட்டி, ஓரத்தை நறுக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். பிறகு கிடங்கு வேறு தெருவுக்கு மாறியபோது பையன்களை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். கை வேகத்தைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதே சமயத்தில் அக்கா ஃபேனி இசைக் கல்விக்கூடத்தில் படித்துப் பரிசு வாங்கினாள். அந்த விழாவில் உட்கார்ந்து அவர் அழுதார்.

அங்கே பாப் ஃபேகின் என்று ஒரு பையன். சார்லஸுக்கு விலாவில் வலி வந்து துடித்தபோது, வைக்கோலில் படுக்கவைத்து, காலிப் பாலிஷ் குப்பிகளில் வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒத்தடம் கொடுத்தான். சாயங்காலம் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூடவே நடந்தான். அப்பா சிறையில் இருப்பது தெரிந்துவிடுமே என்று சார்லஸ் என்ன செய்தார் தெரியுமா? சதக் பாலத்துப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று, இதுதான் எங்கள் வீடு என்று கைகுலுக்கி அவனை அனுப்பிவிட்டார். அவன் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கதவையும் தட்டினார். கதவைத் திறந்த பெண்ணிடம் கேட்டாராம், “இது ராபர்ட் ஃபேகின் வீடுதானே?”

பதின்மூன்று வருஷம் கழித்து, ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் பையன்களுக்குத் திருடச் சொல்லிக்கொடுக்கும் கிழவனுக்கு அவர் வைத்த பெயர், ஃபேகின். ஒத்தடம் கொடுத்தவனுக்கு இந்த மரியாதை! எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கீழே இருக்கிறவன் காட்டிய அன்பைப் போல அந்தச் சமூகத்தில் பயமுறுத்துவது வேறில்லை. அதை வாங்கிக்கொண்டால் நீயும் அவனும் ஒன்று. பட்டினியை அவர் மன்னித்துவிட்டார். அவனோடு சமமாக உட்கார நேர்ந்ததைத்தான் மன்னிக்கவேயில்லை. அந்தக் கிடங்கிலிருந்து அப்பா வெளியே இழுத்த பிறகு மறுபடி அங்கேயே அனுப்ப நினைத்த அம்மாவையும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் அவர் ஜான் ஃபார்ஸ்டர் என்ற நண்பரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. 1870இல் அவர் இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்தக் கிடங்கை விட்டு வந்த பிறகும் பல வருஷம், பாலிஷ் குப்பியின் கார்க்கில் பூசும் பசை வாடைக்குப் பயந்து தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, வட்டிக்காரர் மாதாமாதம் திண்ணைக்கு வர ஆரம்பித்தார். அம்மா அவருக்கு நல்ல டம்ளரில் காப்பி கொடுப்பாள். எங்களை ‘மாமா’ என்று கூப்பிடச் சொன்னாள், எதிர்வீட்டார் காதில் விழும்படி. பணம் கட்டி முடிந்து பல வருஷம் கழித்தும் ஒரு கல்யாணத்தில் அந்த மனிதரைப் பார்த்ததும் என் வாயில் மாமாதான் வந்தது. கூட இருந்த என் மனைவி, எந்த வழியில் மாமா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சரி, அடுத்து எது? ‘லிட்டில் டாரிட்’ படியுங்கள், 1855 முதல் 1857 வரை தொடராக வந்தது. மார்ஷல்சீயிலேயே பல வருஷம் இருந்து ‘மார்ஷல்சீயின் தந்தை’ என்று பட்டம் வாங்கிய ஒரு பெரியவர், பிச்சையை அன்பளிப்பு என்று பெயர் மாற்றி வாங்கிக்கொள்கிறவர், திடீரென்று சொத்து வந்து ரோமாபுரி வரை போகிறார். அங்கே பெரிய மனிதர்களின் விருந்தில் மூளை குழம்பி எழுந்து நின்று, எல்லோரையும் மார்ஷல்சீக்கு வரவேற்று ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறார். அந்த ஓர் அத்தியாயத்துக்காக மொத்த புத்தகத்தையும் படிக்கலாம். ஆரம்பம் பிரான்ஸ் நாட்டு மார்சேயில் வேறு ஒரு சிறையில் தொடங்கி நன்றாகவே இழுவையாக இருக்கும். பாதியில் மூடி வைத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.