கடைக் கோழியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

கேள்வி: ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத சால்மோனெல்லா கிருமி கோழிக்கறியில் இருக்கிறதாமே, வேகவைத்தாலும் சாகாதா? மஞ்சள், உப்பு போட்டு அலசினால் போதுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேகவைத்தால் சாகும். மருந்தைத் தாங்கும் கிருமி சூட்டையும் தாங்கும் என்பதில்லை. கறியின் தடித்த பகுதி உள்ளே 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். கொதிக்கும் குழம்பில் இது எளிது. தந்தூரியிலும், உறைந்த கறியை அப்படியே பொரிப்பதிலும்தான் எலும்பையொட்டி வேகாமல் நின்றுவிடும்.

அலசுவதை நம்பாதீர்கள். மஞ்சளும் உப்பும் கிருமியை ஒழிக்காது. குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர் பக்கத்திலுள்ள கொத்தமல்லி வரை போகும். அதை நாம் பச்சையாகத்தானே தூவுகிறோம்! கழுவியே ஆகவேண்டுமென்றால், பாத்திரத்து நீரில் துண்டுகளை மெல்ல முக்கியெடுங்கள். பிறகு தொட்டி, கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்கறியை முதலில் நறுக்குங்கள், கறியைக் கடைசியில். ஃபிரிட்ஜில் கறி மூடிய டப்பாவில், அடித்தட்டில் இருக்கட்டும்.

கிருமி மருந்துக்கு அடங்காமல் இருப்பது, நோய் வந்த பிறகுதான் நம்மை வதைக்கும். அமெரிக்காவில் 2013-14இல் கோழிக்கறி வழியாக இத்தகைய சால்மோனெல்லா 634 பேரைத் தாக்கியது. பண்ணைகளில் ஆன்டிபயாடிக்கை அளவின்றிக் கொடுப்பது இதற்கு முக்கியக் காரணம். கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைக் கோழிப் பண்ணைகளில் பயன்படுத்த இந்திய அரசு 2019இல் தடை விதித்தது மிகச் சரியான முடிவு.

வயிற்றுப்போக்கு வந்தால் மீந்துபோன மாத்திரையை விழுங்காதீர்கள், ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் இருந்தாலோ, நோயாளி கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.