வெளிநாட்டு உதவிக்கு மனித உரிமை நிபந்தனை போடுவது நியாயமா?

கேள்வி: மனித உரிமை மீறல் நடக்கும் நாட்டுக்குக் கொடுக்கும் உதவியையும் சலுகையையும் நிறுத்தினால், அடிபடுவது அங்குள்ள ஏழைகள்தானே? அப்புறம் எதற்கு இந்த நிபந்தனை?

நிபந்தனை வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் சோற்றுக்கும் மருந்துக்கும் போடக் கூடாது. அந்த நாட்டு மக்களே ஏற்கெனவே கேட்டுப் போராடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்காகப் போட வேண்டும்.

நான் சேலத்துக்காரன். தாரமங்கலம் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய தங்கை மகள் (அவர் பேச்சில் பெறாமகள்) கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கிறாள். அண்ணன் மகனை (மருமகன் முறை), முகநூலில் போட்ட ஒரு படத்துக்காக, இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். 1979-ல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982-ல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே அதில் சாட்சியாகிவிடும். வழக்கே போடாமல் அப்போது 18 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அந்தச் சட்டத்தை நீக்காவிட்டால் இலங்கைக்குக் கொடுக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 27 சர்வதேச உடன்படிக்கைகளை நிறைவேற்றும் நாடுகளுக்குக் கிடைக்கும் சலுகை இது. இருந்தால் ஆடைக்கு வரியே இல்லை, போனால் 9.6 சதவீதம் வரை கட்ட வேண்டும். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

அந்தச் செய்தியைச் சொன்னபோது அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அதை நிப்பாட்டினா பெறாமகளுக்கு வேலை போயிடும். கேக்காமலே விட்டா மருமகனை வெளியில விடமாட்டாங்கள். ஒருத்தரும் கேக்காம இருக்கிறதுதான் எனக்குப் பெரிய பயம்." இந்த விஷயத்தில் நான் படித்த எந்தக் கட்டுரையைவிடவும் அந்தப் பேச்சு எனக்குத் தெளிவாக இருந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். தமிழில் எழுதிய கவிதைகளுக்காகக் கைதான மன்னார் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமுக்கு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. அதே சட்டத்தில் கைதான வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்கு 2022 பிப்ரவரியில். மார்ச்சில் சட்டத்தைத் திருத்தி 18 மாதத்தை 12 ஆக்கினார்கள். அக்காவின் மருமகனும் அந்த வருஷமே வெளியே வந்துவிட்டார். பெறாமகள் இன்றும் அதே வேலையில் இருக்கிறாள். சலுகை நிற்கவில்லை, ஆனால் நிற்கும் என்ற பயம் கொழும்பில் இருந்தது. திருத்தம் போதவே போதாது, சட்டம் அப்படியேதான் இருக்கிறது என்பதும் உண்மை.

2010 ஆகஸ்டில் ஐரோப்பா இதே சலுகையை நிஜமாகவே நிறுத்தியது. சித்திரவதைத் தடை உட்பட மூன்று உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்பது காரணம். அன்றைய இலங்கை அரசு அசைந்து கொடுக்கவில்லை. 2015-ல் ஆட்சி மாறிய பிறகு, 2017 மே மாதம்தான் சலுகை திரும்பி வந்தது. நிறுத்திவிட்டால் அதற்கு மேல் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் நிறுத்துவது கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உள்ளூர் மக்கள் கேட்டிருக்க வேண்டும் என்றேனே, அதற்குக் கென்யா நல்ல உதாரணம். 1990 ஜூலையிலேயே பல கட்சி ஆட்சி கேட்டு மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கினார்கள். 1991 நவம்பரில் பாரிஸில் கூடிய நாடுகள் புதிய உதவியை நிறுத்திவைத்தன. டிசம்பரிலேயே அதிபர் மோய் ஒரு கட்சி ஆட்சிப் பிரிவை எடுத்துவிட்டார். எதிர்க்கட்சிகள் பிரிந்து நின்றதால் 1992 தேர்தலில் அவரே ஜெயித்தது வேறு கதை.

நிபந்தனையின் மரியாதையைக் கெடுப்பது, ஆளுக்கொரு நியாயம் வைப்பதுதான். எகிப்துக்கு அமெரிக்கா வருஷம் 130 கோடி டாலர் ராணுவ உதவி தருகிறது. ராணுவப் புரட்சி நடந்தால் உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. 2013-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதைப் புரட்சி என்று அழைக்காமலே விட்டார்கள். கொஞ்ச காலம் ஒரு பகுதியை நிறுத்தி, 2015-ல் திறந்துவிட்டார்கள்.

சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது நம்மவர்களுக்கே தெரிந்த வலி. 1965-66 பஞ்ச காலத்தில் ஜனாதிபதி ஜான்சன் இந்தியாவுக்கான கோதுமையை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நம் விவசாயக் கொள்கையை மாற்றச் சொன்னதோடு, வியட்நாம் போரை இந்தியா விமர்சித்த கோபமும் அதில் இருந்தது. ஏற்காட்டு எஸ்டேட்டில் காபி பறித்த என் அம்மாயிக்கு வியட்நாம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

2022 நெருக்கடியில் தமிழ்நாடு இலங்கைக்கு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்பியபோது, தமிழர் சிங்களவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் என்று அனுப்பியது எனக்குப் பெருமை. ஆனால் அதே வருஷம் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் கொடுத்தது. அரிசிக்கு நிபந்தனை வேண்டாம், சரி. கடன் பேசிய மேசையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் எடுத்து வைத்திருக்கலாம். "உங்கள் நாட்டில் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டம் இருக்கிறதே" என்று கொழும்பு திருப்பிக் கேட்டிருக்கும். கேட்கட்டும், அதற்கும் தில்லி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.