வேகமான கலர் ஃபிலிம் வாங்குகிறீர்களா?

கே: மங்கலான அறையில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேகத்தை, அதாவது ஒளி உணர்திறனைக் காட்டும் எண்) 400 போதுமா, 800 வேண்டுமா?

ப: 800. ஆனால் முதலில் லென்ஸின் எஃப் எண்ணைப் பாருங்கள்; அது சிறிதானால் ஒளி அதிகம் புகும். எஃப் 3.5 லென்ஸில் 800 ஃபிலிம் தரும் ஷட்டர் வேகத்தை எஃப் 1.8 லென்ஸில் 200 ஃபிலிமே ஏறக்குறைய தந்துவிடும்.

கே: காலாவதியாகிப் பத்து வருடமான 1600 ஃபிலிமை, 'ஃப்ரீசரிலேயே இருந்தது, புதுசு மாதிரிதான்' என்று சொல்லி ஒருவர் விற்றார். எல்லாப் படமும் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாக இருக்கிறது. கேமராவில் கோளாறா?

ப: இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த 'ஃப்ரீசர்' பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. குளிர் ரசாயன மாற்றத்தைத்தான் மெதுவாக்கும். விண்வெளியிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஓயாமல் வரும் இயற்கைக் கதிர்வீச்சை ஃப்ரீசர் தடுக்காது. கொஞ்சம் ஒளிக்கே மசியும்படி செய்த ஃபிலிம் அந்தக் கதிருக்கும் சீக்கிரம் மசியும். 100 ஃபிலிம் தாக்குப்பிடிக்கும் காலத்தை 1600 தாங்காது. 'பழசுக்கு ஒளி கூட்டிக் கொடுங்கள்' என்பார்கள். கூட்டிக் கொடுக்க ஒளி இருந்தால் 1600 எதற்கு? நானும் இப்படி ஒரு கட்டு வாங்கி, இனி எடுக்கவே முடியாத ஒரு இரவின் படங்களை இழந்திருக்கிறேன்.

நெகட்டிவில் படத்துக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள வெற்று இடத்தைப் பாருங்கள். அங்கே லென்ஸ் வழி ஒளி படுவதில்லை. புது ஃபிலிமைவிட அது ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஃபிலிமே மூட்டம் கண்டது. அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், விடாதீர்கள்.

கே: 200 ஃபிலிமைப் போட்டு, கேமராவில் 1600 வைத்து எடுத்துவிட்டேன். லேபிலும் சொல்லவில்லை. நிழல் எல்லாம் சேறு. லேபிடம் பணம் கேட்கலாமா?

ப: கூடாது. ஒளியை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) குறைத்தது நீங்கள். சொல்லியிருந்தாலும், ஒளியே படாத நிழலை எந்தப் புஷ்ஷும் (டெவலப் நேரத்தைக் கூட்டுவது) மீட்காது. டப்பா மேலிருக்கும் எண்ணையாவது படியுங்கள்.

கே: சினிஸ்டில் 800டி ஃபிலிமில் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம். பழுதா?

ப: பழுதில்லை. அது கோடாக்கின் சினிமா ஃபிலிம்தான். ஒளி திரும்பித் தெறிக்காமல் தடுக்கும் பின்பக்கக் கரிப் பூச்சு இல்லாமல் விற்கிறார்கள். வளையம் வேண்டாமென்றால் கோடாக்கின் போர்ட்ரா 800 ஃபிலிம் வாங்குங்கள். அது பகல் ஒளிக்கானது, மஞ்சள் பல்பின் கீழ் ஆரஞ்சடிக்கும். அதைச் சரிக்கட்ட 80ஏ நீல ஃபில்டர் போட்டால் இரண்டு ஸ்டாப் போய், கையில் இருப்பது 200 ஆகிவிடும். அரை ஸ்டாப் கூட்டி எடுத்து, ஸ்கேனில் நிறத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

கே: விமானத்தில் 800 ஃபிலிம்?

ப: கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கக் கேளுங்கள். விமான நிலையத்தின் சிடி (எக்ஸ்ரே) ஸ்கேனருக்குள் ஒரு தடவைகூட விடாதீர்கள்.