கதவுக்கு அடியில் கொப்பளித்த பெயிண்ட்: பழைய எம்ஜிபியை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: மாமா விட்டுச்சென்ற 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் கார்) எங்கள் சிராங்கூன் கார்டன்ஸ் தரைவீட்டு போர்ச்சில் நிற்கிறது. பழைய கார்களை ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓட்டவிடும் சிங்கப்பூரின் கிளாசிக் திட்டத்தில் பதிவான வண்டி. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கினால் சிமெண்ட் தரை தெரிகிறது. கதவுக்கு அடியிலும் பெயிண்ட் கொஞ்சம் கொப்பளித்திருக்கிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபைபர் ஒட்டி, புட்டி போட்டு, அடியில் தார் அடித்தால் இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகிவிடும், இரண்டே நாள் வேலை" என்கிறார். எனக்கோ நானே செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்கட்டும்?

பதில்: தம்பி, அந்த இரண்டு நாள் ஆளை முதலில் வழியனுப்பி வையுங்கள். தரை ஓட்டையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அது வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கக்கூடிய தகடு. கதவுக்கு அடியில் கொஞ்சம் கொப்பளித்திருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி. அதற்குத் தனியாக சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகட்டு உடம்பேதான் எலும்பும். அதிலும் உங்களுடையது கூரை இல்லாத ரகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே வண்டி தொய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கதவுகளுக்கு அடியில் ஓடும் இரண்டு நீளத் தகட்டுப் பெட்டிகள்தான். அவற்றை 'சில்' என்பார்கள். வெளியே தெரியும் தகடு அந்தப் பெட்டியின் ஒரு சுவர் மட்டுமே. உள்ளே இன்னொரு சுவர், நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, அடியில் கோட்டைச் சுவர் மாதிரி மேடும் பள்ளமுமாக ஒரு பட்டை. முன் ஃபெண்டருக்குள் (சக்கரத்தை மூடும் தகடு) சேரும் மண்ணும் மழைநீரும் இந்தப் பக்கம்தான் இறங்கும். துரு உள்ளே தொடங்கி வெளியே வருகிறது. பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் மேல் நகர்த்துங்கள். பிடி விடுகிற இடமெல்லாம் புட்டி. அப்புறம் அடிப்பக்கத்தை ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு குத்து வாங்காது. கடைசியாக, கதவை மூடி, கதவின் பின் விளிம்பில் மேலேயும் கீழேயும் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் ஒரு முனையை ஜாக்கியில் மெதுவாகத் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு திறக்க அடம்பிடித்தாலோ உடம்பு வளைகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

இப்போது ஃபைபர் விஷயம். துருவேறிய சில் மேல் ஃபைபரும் புட்டியும் வைப்பது கரையான் அரித்த கதவு நிலைக்கு வார்னிஷ் பூசுவது போல. அதற்கு மேலே தார் அடித்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் துரு வேகமாகத் தின்னும். இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகும் என்று அவர் சொல்வது பொய்யாக இல்லாமலும் போகலாம். ஆய்வு நிலையத்தில் யாரும் உங்கள் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கப் போவதில்லை. பாஸ் சீட்டு ஒரு பக்கவாட்டு மோதலில் உங்களைக் காப்பாற்றாது என்பதுதான் என் கவலை.

இதைவிட நாசூக்கான ஒரு ஏமாற்று உண்டு. பழைய சில்லை வெட்டாமல், அதன் மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்டிங் வைத்துவிடுவார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், காந்தமும் ஒட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: எம்ஜிபியில் சில் தகடு முன் ஃபெண்டருக்குள்ளும் பின் ஃபெண்டருக்குள்ளும் நுழைந்து போகிறது. முன் ஃபெண்டரைக் கழற்றாமல், பின் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை வெட்டாமல் சில்லை முழுதாக மாற்றவே முடியாது. கொட்டேஷனில் அந்த இரண்டு வேலையும் இல்லையென்றால் மூடுவேலைதான் நடக்கப் போகிறது. இதைக் கேட்டதும் "அதெல்லாம் பழைய முறை பாஸ்" என்று சிரிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நிறையவே. இருக்கைகள், கார்ப்பெட், கதவு உள்பலகைகள், பம்பர் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் பெயர் எழுதிப் போடுங்கள். முன் ஃபெண்டர்கள் போல்ட் போட்டவை, பொறுமை இருந்தால் நீங்களே இறக்கிவிடலாம். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் உட்காரும் பெட்டிகளைத் தவறாமல் பாருங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அவை அடியோடு போயிருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றை வடிகாலில் கழுவி விடாமல் அள்ளி எடுங்கள். பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

மேலோட்டமான துருவுக்கு வயர் பிரஷ், பிறகு துரு மாற்றும் திரவம் போதும். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ உள்ள அந்தத் திரவம் துருவை வேறு பொருளாக மாற்றும், போன இரும்பைத் திருப்பித் தராது. செதிலாக உதிரும் இடத்தில் அதை ஊற்றுவது காசுக்குக் கேடு.

கழற்றிய சின்ன உதிரிப்பாகங்களுக்கு மின்தொட்டி முறை அருமையானது: பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை பாகத்தில், பிளஸ் முனை ஒரு வேண்டாத இரும்புத் துண்டில். அந்தத் துண்டு துருப்பிடிக்காத எஃகாக இருக்கக்கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் குமிழிடும் என்பதால் திறந்த இடத்தில் மட்டுமே செய்யுங்கள். ஆனால் ஸ்பிரிங்குகளை அதில் போடாதீர்கள். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், சீட் பெல்ட் போல்ட், சஸ்பென்ஷனின் கடின எஃகு போல்ட் எதுவுமே கூடாது. கெட்டிப்படுத்திய எஃகு அந்த ஹைட்ரஜனை உள்ளே வாங்கிக்கொள்ளும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், பிறகு ஒருநாள் பாரம் ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். "ஐந்து நிமிடம்தானே", "கரண்ட்டைக் குறைத்து வைத்தேனே", "வெயிலில் காயவைத்தேனே" என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்வார்கள். வேண்டாம். ஸ்பிரிங்குக்குக் கையும் வயர் பிரஷும்தான். சீட் பெல்ட் போல்ட் துருப்பிடித்திருந்தால் புதிது வாங்குங்கள், சில வெள்ளிதான் ஆகும். வேலை முடிந்ததும் தொட்டியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அரித்த தரைத் தகட்டில் தேங்கும் மழைநீரும் அப்படித்தான். கொசு முட்டையிட்டால் சுற்றுப்புற வாரியத்துக்கு எம்ஜிபியும் பூந்தொட்டியும் ஒன்றுதான்.

வெல்டிங்கை மட்டும் வீட்டு போர்ச்சில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பெட்ரோல் டேங்க்கை இறக்கி வேறு இடத்தில் வைக்காமல் யாரும் வெல்டிங் டார்ச்சை எடுக்கக்கூடாது. பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் கழற்ற வேண்டும். சில் மாற்றும் முறையும் முக்கியம். வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்க வேண்டும். வண்டியின் பாரம் சக்கரங்கள் தாங்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், அதன் பிறகு எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் மூடாது.

நம் ஊர்ச் சட்டதிட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். மீதி 320 நாள் போர்ச்சில் நின்று துருப்பிடிக்கத் தாராளமாக அனுமதி உண்டு. ஓடுகிற வண்டி தன் சூட்டிலேயே காயும், நிற்கிற வண்டிதான் அழுகும். படிவம் எழுதுபவர்கள் ஒரு டிசம்பர் மழைக்காலம் முழுக்க இப்படி ஒரு வண்டியை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஜொகூரில் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன்" என்று ஒரு இடைத்தரகர் கட்டாயம் வருவார். வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க முடியாது, அதுவே போதும் மறுக்க. ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தால் இன்னொரு கூத்து: மலேசியா போகும் சோதனைச்சாவடியைத் தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெல்டிங் பட்டறைக்கு முக்கால் டேங்க் பெட்ரோலோடு போய் நில்லுங்கள்!

வேறொருவர், "இங்கிலாந்திலிருந்து முழு பாடி ஷெல்லே வரவழைத்து, பழைய சேஸி எண்ணை அதில் பொருத்திவிடலாம், நான் செட்டில் பண்ணுகிறேன்" என்பார். ஷெல், அதாவது வண்டியின் முழுத் தகட்டு உடம்பு, கிடைப்பது உண்மை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபிக்கு ஷெல்லும் தனித்தகடுகளும் செய்கிறது. ஆனால் சேஸி எண்ணில் (உடம்பில் பொறித்த வண்டியின் அடையாள எண்) கைவைப்பது குற்றம், மாட்டுவது உரிமையாளர். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். வண்டியின் நிறத்தை மாற்றினாலும் ஆணையத்திடம் பதிய வேண்டும். உங்களுக்குத் தேவை சில் தகடுகளும் தரைத் தகடும்தான், ஜிஎஸ்டி 9 விழுக்காட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒரு வெல்டரைப் பிடிக்கும்போது, பழைய தகட்டை வெட்டி எடுத்த பிறகும், புதுத் தகட்டால் மூடுவதற்கு முன்பும் நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று முதலிலேயே சொல்லி, பணத்தை அந்த இரண்டு கட்டத்துக்கும் பிரித்துக் கொடுங்கள். வெட்டிய பழைய சில்லைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும், பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின், நீளக் குழாய் வைத்த கேனால் சில்லுக்குள் மெழுகு அடியுங்கள். இந்த வேலையை நீங்களே செய்யலாம். அடித்து முடித்ததும் சில்லின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், மெழுகு அவற்றை அடைத்திருக்கும்.