வேகம் கேட்கிறது, பாட்டு கேட்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் இசை பற்றிய கேள்விகள் மட்டும். பதிவுத் திருமணம், பல் வலி, பங்குச் சந்தை எல்லாம் அடுத்த இதழில்.)

எங்கள் ஐயாவுக்குக் கர்நாடக சங்கீதம் தவிர மற்றதெல்லாம் சத்தம். தம்பிக்கு மெட்டல் ராக் தவிர மற்றதெல்லாம் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) சண்டை ஆரம்பித்துவிடுகிறது. யார் சொல்வது சரி?
– வாசகி, தேவகோட்டை

அவர்கள் சண்டை இசையைப் பற்றியதே இல்லை. நகரத்தாருக்குக் குலப்பிரிவே ஒன்பது கோயில்களின் பேரில்தான். நீங்கள் எந்தக் கோயில் என்று கேட்டால் நகரத்தார் வீட்டில் ஒன்பதில் ஒன்றைச் சொல்லிவிடலாம், ஒன்பதில் எந்தக் கோயில்காரர்கள் நல்லவர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த மாதிரிக் கேள்வியைத்தான் இருவரும் வாரா வாரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று செய்யுங்கள். ஐயாவிடம் போய், "நீங்கள் கேட்டதிலேயே மட்டமான கர்நாடகக் கச்சேரி எது?" என்று கேளுங்கள். மனிதர் உற்சாகமாகிவிடுவார். சுருதி சேரவே இல்லை, ராகத்தை எங்கே கொண்டுபோகிறோம் என்று பாடகருக்கே தெரியவில்லை, மிருதங்கக்காரர் பாட்டைக் கேட்காமல் தன் பாட்டுக்கு வாசித்தார் என்று அடுக்குவார். அப்புறம் தம்பியிடம் மட்டமான மெட்டல் குழு எது என்று கேளுங்கள். சும்மா கத்துகிறான், பாட்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை, டிரம்ஸும் கிட்டாரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கவே இல்லை என்பான். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே புகார்கள். ஆக, வகையைத் தாண்டிய ஓர் அளவுகோல் இருவர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தன் கட்சிக்குள் மட்டும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள், எதிர்க்கட்சி என்றதும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஐயாவிடம் சொல்லலாம். தைப்பூசத்துக்கு நம் ஊர்களிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறார்களே, அந்தக் கூட்டம் பாடுகிற காவடிச் சிந்தை, சபாக் கச்சேரியின் கணக்கில் அளந்தால் தேறாது. ஆனால் மூன்று மூன்றாகப் போகிற அந்தத் திஸ்ர நடை காலோடு சேர்ந்து விழ வேண்டும், தொண்டை வறண்ட ஆளும் அடுத்த அடியை எடுத்துப் பாட முடிய வேண்டும், முன்னால் போகிறவர் விட்ட இடத்தைப் பின்னால் வருகிறவர் பிடிக்க வேண்டும். இது அத்தனையையும் செய்கிற சிந்து நல்ல சிந்து. எதற்காக உண்டானதோ அதைச் செய்கிறதா என்பதுதான் எந்த இசையிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கல்லூரியில் கிட்டார் வாசிக்கிறேன். வேகமாக வாசித்தால் கைதட்டுகிறார்கள், மெதுவாக வாசித்தால் போனைப் பார்க்கிறார்கள். வேகம்தான் திறமையா?
– மாணவர், காரைக்குடி

வேகம் திறமைதான், அதை யாரும் மறுக்க வேண்டாம். சிக்கல் என்னவென்றால், இசையில் எண்ணிப் பார்க்க முடிகிற ஒரே விஷயம் அநேகமாக அதுதான். ஒன்றுமே தெரியாதவருக்கும் வேகம் தெரியும். அதனால் கைதட்டலும் அங்கே விழுகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. அரியக்குடி என்றால் குத்துவிளக்கு நினைவுக்கு வரும், பெருமாள் கோயில் நினைவுக்கு வரும், அங்கே 1890இல் பிறந்த பாடகர் ராமானுஜ ஐயங்காரை உங்கள் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. இன்றைக்கு வர்ணத்தில் ஆரம்பித்து, கீர்த்தனைகளை வரிசையாகப் பாடி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சின்னப் பாட்டுகள் என்று நடக்கிற கச்சேரி இருக்கிறதே, அந்த வரிசைக்கு உருவம் கொடுத்து நிலைக்க வைத்தவர் அவர். அவருக்கு முன்னால் ஒரே ராகமும் பல்லவியுமாகப் பொழுதையே சாப்பிட்டுவிடக்கூடிய கச்சேரிகள் உண்டு. அவர் ஆலாபனையை, அதாவது பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதை, சுருக்கினார். மத்யம காலத்தில், அதாவது ஓடாமல் தூங்காமல், பாட்டை நகர்த்திக்கொண்டே போனார். முதல் பிடியிலேயே இன்ன ராகம் என்று முகம் தெரிந்துவிடும், கேட்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார். தெரியாததால் விட்டதில்லை அது, ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் கற்றவருக்கு எது தெரியாது? தெரிந்ததையெல்லாம் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அதிகத் திறமை வேண்டும்.

கிட்டார்தான் வேண்டும் என்றால் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்க்காரர் பி.பி. கிங்கைக் கேளுங்கள். ஒரே சுரத்தைக் கம்பியில் இழுத்து, நடுங்கவிட்டு, அடுத்ததற்குக் காத்திருக்க வைப்பார். அந்த நேரத்தில் மற்றவர்கள் இருபது சுரம் வாசித்து முடித்திருப்பார்கள்.

ஆனால் மெதுவாக வாசித்தால் ஆழம் வந்துவிடும் என்று நினைப்பதும் மூடநம்பிக்கைதான், சோம்பலும் மெதுவாகத்தான் இருக்கும். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களை, அதாவது மின்னல் வேகச் சுரக் கோவைகளைக் கேட்டால் தெரியும், அவ்வளவு விரைவிலும் ராகம் சிதறாது, அந்த விரைவில்தான் அந்த ராகத்துக்கு அப்படி ஒரு துள்ளல் வருகிறது. எனவே வேகமா நிதானமா என்று கேட்காதீர்கள். உங்கள் சோலோவைப் பதிவு செய்து, நடுவில் ஒரு துண்டை வெட்டிவிட்டு நண்பர்களுக்குப் போட்டுக்காட்டுங்கள். எங்கேயோ தட்டுகிறதே என்று யாராவது நெற்றியைச் சுருக்கினால் அந்தத் துண்டு பாட்டுக்கு வேண்டியிருந்தது. யாருக்குமே ஒன்றும் தெரியவில்லை என்றால் அதை உங்கள் விரலுக்காக வாசித்திருக்கிறீர்கள்.

எனக்கு ராகம், தாளம் எதுவும் தெரியாது. ஒரு நாகஸ்வரக் கச்சேரி நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா?
– இல்லத்தரசி, பள்ளத்தூர்

உண்டு. உங்கள் ஆயாவும் அப்பத்தாவும் ராகம் பெயர் தெரிந்தா தாலாட்டுப் பாடினார்கள்? ஆனால் ஒப்பாரியில் எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும், யார் உண்மையாக அழுகிறாள், யார் ஊருக்காக அழுகிறாள் என்று அந்தக் காலத்து ஆச்சிகளை ஏமாற்ற முடிந்ததில்லை.

அடுத்த முறை கல்யாண வீட்டில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாகஸ்வரக்காரர் சீவாளியை, அதாவது ஊதுகிற நாணல் துண்டை, வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, சரியில்லை என்று எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுவார். அதிலிருந்தே கவனியுங்கள், அவசரப்படுகிறவர் யார் என்று தெரிந்துவிடும். ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்கும்போது அது சுருதிப் பெட்டியின் ஓசைக்குள் கலந்து, பெட்டி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வருகிறதா பாருங்கள். சரசரவென்று ஓடிய பிறகு எங்கே வந்து நிற்கிறார் பாருங்கள், அவர் நிற்கிற அந்த நொடியில் தவில்காரர் கையை அடக்குகிறாரா, இல்லை அதையும் நிரப்பித் தொலைக்கிறாரா பாருங்கள். இதற்கெல்லாம் எந்தப் பாடமும் வேண்டாம்.

பாடம் தெரிந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்கும், அதையும் மறைக்கக்கூடாது. தோடி ராகத்தில் காந்தாரம் என்கிற சுரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். விரலுக்கு ஏழு துளை, அதை மூட ஒரு விசைகூடக் கிடையாது, அப்படிப்பட்ட வாத்தியத்தில் துளையைப் பாதி மூடியும் மூச்சை ஏற்றி இறக்கியும் அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அதன் கஷ்டம் தெரிந்தவர்கள் மலைத்துப் பேசுகிறார்கள், தெரியாதவர்கள் சும்மா உருகிப் பேசுகிறார்கள். இரண்டு பேரும் சரிதான்.

கடைசியில் எல்லாம் அவரவர் ரசனைதானே?
– வாசகர், கானாடுகாத்தான்

இல்லை. பிடிப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. சாக்ஸபோன் ஓசை எனக்கு அவ்வளவாக ஒட்டாது. ஆனால் அந்த மேற்கத்திய வாத்தியத்தில் கத்ரி கோபால்நாத் கமகங்களை, அதாவது நம் சுரங்களின் அசைவுகளைக் கொண்டுவந்தது பெரிய காரியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அதே போல, பள்ளிக்கூட நாளில் பேருந்தில் கேட்ட சில பாட்டுகள் இன்றைக்கும் எனக்கு உயிர், அவற்றில் இசை என்று சொல்ல அதிகம் கிடையாது. ஒரு பாட்டு நல்லது என்றோ மோசம் என்றோ சொல்பவரிடம் "எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டினால் விவாதிக்கலாம். காட்ட முடியாமல் குரலை உயர்த்தினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மகள் கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வைக்கலாம் என்கிறார்கள் இளவட்டங்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் அது எதற்கு என்கிறார்கள் பெரியவர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– தகப்பனார், புதுவயல்

தாராளமாக வையுங்கள், முகூர்த்தத்துக்கு மட்டும் வேண்டாம். கேரளத்துக் கோயில்களில் பஞ்சாரி என்கிற செண்டை மேளம் ஐந்து காலமாக, அதாவது ஐந்து வேகப் படிகளாக நடக்கும். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாளத் தட்டு), அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. மணிக்கணக்கில் மெதுவாகக் கட்டிக்கொண்டே வந்து கடைசிக் காலத்தில் கொட்டித் தீர்க்கும்போது ஆயிரம் கைகள் தானாக மேலே போகும். நம் கல்யாணத் தெருக்களுக்கு வருகிற குழுக்கள் பல, வண்டியை விட்டு இறங்கியதும் நேரே அந்தக் கடைசிக் காலத்துக்குப் போய்விடுகின்றன. காது அடைக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான், செண்டை மேல் குற்றமில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்குத் தெருவில் செண்டை, முகூர்த்தத்துக்கு வளவில் நாகஸ்வரம், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். நாகஸ்வரத்துக்கு மைக்கும் வேண்டாம், உங்கள் வீட்டுத் தூண்களும் திறந்த முற்றமும் போதும். செண்டைக் குழு முன்பணம் கேட்கும்போது, பஞ்சாரியில் எந்தக் காலத்திலிருந்து எடுப்பீர்கள் என்று தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்தால் கேட்ட தொகையைக் கொடுத்துவிடலாம், "அதெல்லாம் கல்யாணத்துக்கு எதுக்கு சார்" என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.