எழுதிய சூடு வேறு, படிக்கும் சூடு வேறு: ஃபிளாஷ் நினைவகக் கேள்வி பதில்

கேள்வி: டேஷ்கேமில் இருக்கும் மெமரி கார்டு காருக்குள் ஒழுங்காக ஓடுகிறது. கழற்றி வந்து ஏசி அறையில் கணினியில் போட்டால் சில வீடியோக்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன. கார்டு போய்விட்டதா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

மெமரி கார்டு, எஸ்எஸ்டி இரண்டிலும் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் தரவைத் தாங்கும் நுண்ணறையான ஒவ்வொரு செல்லும் தனக்குள் அடைபட்ட மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் கடத்தத் தொடங்கும். அந்த த்ரெஷோல்டு வோல்டேஜை வைத்துத்தான் கார்டை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் தரவைப் படிக்கிறது. செல்லுக்கு 3 பிட் வைக்கும் டிஎல்சி ரகத்தில் ஒரு செல்லில் 8 நிலைகள், 4 பிட் வைக்கும் க்யூஎல்சியில் 16. சில வோல்ட்டுக்குள் இத்தனையையும் அடுக்கியிருப்பதால் பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு நடுவே இடம் மிகக் குறைவு. வெப்பம் ஏறினால் த்ரெஷோல்டு இறங்கும். வெப்பம் இறங்கினால் ஏறும். வெயிலில் நின்ற காருக்குள் 65 டிகிரி செல்சியஸில் எழுதியதை 22 டிகிரியில் படித்தால் நிலைகள் எல்லாமே நகர்ந்து நிற்கும். எல்லாச் செல்லும் ஒரே அளவில் நகர்ந்தாலாவது கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். அதுவும் இல்லை, ஆளுக்கொரு அளவில் நகர்கின்றன. நிலைகளைப் பிரிக்கும் பழைய எல்லைக்கோட்டை வைத்தே படித்தால் பிட்டுகள் மாறிவிடும். எல்லையை நகர்த்தி நகர்த்தித் திரும்பப் படிக்கும் ரீட் ரீட்ரை, பிழை திருத்தும் குறியீடான எல்டிபிசி இரண்டும் இதற்காகத்தான் இருக்கின்றன. எளிய கார்டுகளில் இவற்றின் வலு குறைவு.

ஆகவே எழுதியபோது இருந்த சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படியுங்கள். முதலில் கேமராவில் பதிவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் லூப் ரெக்கார்டிங் பழையதன்மேல் எழுதிவிடும். கேமராவுக்கு யூஎஸ்பி இணைப்பு இருந்தால், கார் சூடாக இருக்கும்போதே அதன் வழியாக நகலெடுங்கள். ரீடரில் போடுவதானால் அடாப்டரின் லாக் பொத்தானைப் பூட்டிவிட்டு, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் ஒரே கோப்பாக, அதாவது இமேஜாக எடுங்கள். எது படிக்கப்பட்டது, எது விட்டுப்போனது என்று அது குறித்துவைக்கும் மேப் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். அறை வெப்பத்தில் ஒரு சுற்று, கார்டு சூடானதும் அதே மேப் கோப்புடன், மறுமுயற்சிக்கான -r தேர்வையும் சேர்த்து இன்னொரு சுற்று ஓட்டினால், முதல் சுற்றில் விட்டுப்போன செக்டர்களை (கார்டின் சிறு பகுதிகளை) மட்டும் அது மறுபடி முயலும். ஹேர் டிரையர் வேண்டாம், ஓரிடத்தில் மட்டும் தாறுமாறாகச் சூடேற்றும்.

கார்டின் அட்டையில் இருக்கும் வெப்ப வரம்பை நம்பி ஏமாற வேண்டாம். கார்டு அந்த வரம்புக்குள் இயங்கும் என்பதுதான் அதன் பொருள். ஒரு கோடியில் எழுதியது மறுகோடியில் பிழையில்லாமல் படிக்கும் என்ற உறுதியை அது தருவதில்லை.

கேள்வி: என் கணினியின் என்விஎம்இ எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சிப்புகளால் ஆன வேகமான சேமிப்பு டிரைவ்) பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது 78 டிகிரி காட்டுகிறது. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் போட வேண்டுமா?

பதில்: போடுங்கள், ஆனால் எதற்குப் போடுகிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். அதிகம் கொதிப்பது கன்ட்ரோலர் சிப்தான். பல டிரைவ்களில் 70 டிகிரிக்கு மேல் த்ராட்லிங் தொடங்கி வேகம் குறையும். தரவைச் சேமிக்கும் நாண்ட் ஃபிளாஷ் சிப்புக்கோ, எழுதும் நேரத்தில் மிதமான சூடு கெடுதலே இல்லை. வெதுவெதுப்பாக எழுதப்பட்ட தரவு குளிரில் எழுதியதைவிட நன்றாகவே நிலைக்கும். அதனால் டிரைவை எவ்வளவு குளிர்விக்க முடியுமோ அவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்ற போட்டி தேவையில்லை. வேலை நேரத்தில் 40 முதல் 60 டிகிரிக்குள் ஏறி இறங்காமல் இருந்தால் போதும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேடின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே வைத்துவிடுவது ஒன்று. மற்றது, கன்ட்ரோலரும் நாண்ட் சிப்பும் ஒரே உயரத்தில் இல்லாதபோது மெல்லிய பேடை வைப்பது. உயரமான சிப்பை மட்டும் தொட்டு, மற்றதன்மேல் இடைவெளி விழும். ஸ்க்ரூவை இறுக்கி அதைச் சரிக்கட்ட நினைத்தால் போர்டு வளையும். காற்றோட்டமே இல்லாத பெட்டியில் ஹீட்சிங்க் தானும் சூடாகி நின்றுவிடும் என்பதையும் பாருங்கள்.

பிறகு டிரைவ் தன் நலத்தைத் தானே பதியும் ஸ்மார்ட் (S.M.A.R.T.) தகவலைப் பாருங்கள். எச்சரிக்கை வெப்பத்துக்கு மேல் டிரைவ் இருந்த நேரம் அதில் நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் குளிர்விப்பு போதவில்லை. 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' (திருத்த முடியாத தரவுப் பிழைகள்) எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் ஹீட்சிங்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் பேக்கப்.

கேள்வி: பேக்கப் எடுத்த எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரத்தின்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். சர்வர் ரகத்துக்கு 40 டிகிரியில் 3 மாதம். மின்னூட்டம் கசியும் வேகம் வெப்பத்தோடு மடங்கு மடங்காக ஏறும். மின்னூட்டம் தப்பத் தேவையான ஆற்றலாக வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டை வைத்துக் கணக்கிட்டால் 30இலிருந்து 40 டிகிரிக்குப் போனாலே கசிவு ஏறக்குறைய 4 மடங்கு. 55 டிகிரியில் சுமார் 25 மடங்கு, அதாவது ஓராண்டு என்பது இரண்டு வாரமாகச் சுருங்கும். புது டிரைவ் இதைவிட வெகுகாலம் தாங்கும்.

அலமாரியின் குளிர்ந்த, உலர்ந்த மூலை போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, எல்லாக் கோப்புகளையும் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்த்துப் படியுங்கள். செருகி வைத்தாலே டிரைவ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம், டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் எல்லாமே அதைச் செய்வதில்லை. நிச்சயமான வழி, ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் நகலெடுத்துத் திரும்ப எழுதுவதுதான்.

கேள்வி: வெட்டவெளியில் வைக்கும் டேட்டா லாகர் (அளவீடுகளைத் தானாகப் பதியும் கருவி) வடிவமைக்கிறோம். இரவில் மைனஸ் 20, பகலில் 70 டிகிரி. என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரையிலான தொழில்துறை ரக இஎம்எம்சியை (போர்டில் பதிக்கும் ஃபிளாஷ் சேமிப்புச் சிப்) எடுத்து, சூடோ எஸ்எல்சி முறையில் அமையுங்கள். செல்லுக்கு ஒரு பிட்தான் என்பதால் நிலைகளின் நடுவே இடம் தாராளமாகக் கிடைக்கும். டிஎல்சி சிப்பானால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காகும், அதற்குத் தயாராக இருங்கள். கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால், ஒவ்வொரு பிளாக்கும் (ஒன்றாக அழிக்கப்படும் செல் தொகுதி) எழுதப்பட்ட வெப்பத்தைக் குறித்து வைத்து, படிக்கும்போது அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற ரீட்ரை அளவிலிருந்தே தொடங்கச் செய்யுங்கள். கடுங்குளிரில் எழுதிய பிளாக்குகளை வெப்பம் மிதமானதும் பின்னணியில் மாற்றி எழுதலாம்.

சோதனையில் குளிரில் எழுதிச் சூட்டில் படிப்பது, சூட்டில் எழுதிக் குளிரில் படிப்பது இரண்டையும் ஓட்டுங்கள். புதுச் சிப்பில் மட்டும் ஓட்டினால் எல்லாமே தேறிவிடும்; ஆயுளின் பெரும்பகுதி எழுதி அழித்துத் தேய்ந்த சிப்பிலும் அதே சோதனை வேண்டும்.