படிப்புக்கு நடுவே எக்சாமென்: இது பாவக் கணக்கெடுப்பா?

இயேசு சபைக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் நீங்கள், அங்கே சொல்லித்தரப்படும் 'எக்சாமென்' என்ற, நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனைதானா என்றும், அது படிப்பு நேரத்தைத் தின்றுவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் எக்சாமென் ஐந்து படிகளாக அமைந்துள்ளது. முதல் படி குற்றத்தைத் தேடுவதன்று, நன்றி சொல்வது. பின்னர் தெளிவுக்கான அருளை வேண்டி, கழிந்த நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்த்து, தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு, திருந்துவதற்கு உறுதி எடுப்பதோடு அது முடிகிறது. இன்று பல வளாகங்களில் இது பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

உங்கள் இரண்டாவது ஐயம் இஞ்ஞாசியாருக்கே நேர்ந்தது. முப்பது வயதைக் கடந்து பார்சிலோனாவில் இலத்தீன் இலக்கணம் மனப்பாடம் செய்தபோது, செபத்தில்கூட வராத ஆன்மீக உணர்வுகள் புத்தகத்தைத் திறந்ததும் பெருகி வந்தன. அவை பக்தியின் வேடமிட்ட சோதனையே என்று கண்டுகொண்ட அவர், இனிப் பாடத்தைத் தவறவிடுவதில்லை என்று ஆசிரியரிடம் வாக்களித்தார். பின்னர் பாரிசில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர்களில் ஒருவர்தான், 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார். பார்சிலோனா அனுபவத்தின் சாயலை இயேசு சபையின் சட்டத்தொகுப்பிலும் காணலாம்: படிக்கும் இளம் துறவியரின் செப நேரத்தை அளவோடு வைத்த இஞ்ஞாசியார், நாளுக்கு இருமுறை எக்சாமெனை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே தேர்வுக் காலத்தில் எதையாவது சுருக்க வேண்டியிருந்தால், என் கருத்தில், நன்றி சொல்லும் பகுதியைக் கடைசியாகச் சுருக்குங்கள். அது போனால் மிஞ்சுவது வெறும் தன்குறைப் பட்டியல்தான்.